காதரின் பாறையில் பறித்த நாற்று

1

நான் படித்த பள்ளிக்கூடத்தின் விழா மலருக்கு, முப்பது வருஷ வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கடிதம் போட்டிருக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதையும் முடிக்கவில்லை. கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்து, நீ அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தைத் தாண்ட மாட்டாய் என்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. நான் பம்பாய் போய், அங்கிருந்து கப்பல் ஏறி, செஷல்ஸ் தேசத்து மாஹே தீவில் இறங்கினேன். கடைச் சிப்பந்தியாக இறங்கியவன் சொந்தக் கடை வைத்தேன். கடைக்குப் பிறகு படகு. சாதாரணப் படகில்லை, அடிப்பாகத்தில் கண்ணாடி வைத்த படகு. வெள்ளைக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் கடலடியில் பவளப்பாறை தெரியும். எங்கள் குடாவில் இந்தத் தொழிலை முதலில் ஆரம்பித்தவன் நான்தான்.

எப்படி முன்னேறினேன் என்பதை எழுதப் புகுந்தால் மலர் முழுக்க எனக்கே போய்விடும். ஆகவே இந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இது பொறாமையைப் பற்றியது. எனக்குப் பொறாமை உண்டு. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. அடுத்தவன் தட்டைப் பார்த்து வயிறு எரிந்திராவிட்டால் நான் இன்றைக்கும் எங்கள் ஊர்க் கன்னடியன் கால்வாய்க் கரையில் மடை திறந்துகொண்டிருப்பேன்.

2

பொறாமைக்கு ஆள் வேண்டுமே. என் ஆள் காதர்.

மேலப்பாளையத்துக்காரன். நான் வந்து பத்து வருஷம் கழித்து, என் கடிதத்தைக் காட்டி, என் கையெழுத்தில் வந்தவன். நாலு வருஷம் என் கடையில் இருந்தான். படகு ஓட்ட அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். பிறகு தானும் ஒரு கண்ணாடிப் படகு வாங்கி, என் படகுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து கட்டினான். கேட்டால், “அண்ணாச்சி, கடலு என்ன உம்ம வீட்டுக் கொல்லையா?” என்று சிரிப்பான்.

சிரிப்பான். அதுதான் எனக்குத் தாங்காது. நான் கடையை இரண்டாக்கியபோது வந்து வாழ்த்தினான். நான் படகுக்குப் புது எஞ்சின் போட்டபோது தடவிப் பார்த்து, “நல்லாருக்கு வே” என்று சொல்லிவிட்டுப் போனான். என்னைப் பார்த்து அவனுக்கு ஒரு நாளாவது வயிறு எரிந்ததாக நான் கண்டதில்லை. நாம் ஒருவனைப் பார்த்து வேகிறோம், அவன் நம்மைப் பார்த்து வேகவில்லை என்றால், அதைவிட அவமானம் வேறில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் நான் நிம்மதியாக இருந்தேன். என் பாறை. நான் படகில் ஆட்களைக் கூட்டிப்போகும் இடம் அது; குடாவின் முனையைத் தாண்டி, கண்ணாடி போன்ற தண்ணீரில், இரண்டாள் ஆழத்தில் கிடந்தது. மான்கொம்பு மாதிரி கிளை விட்ட பவளம். ஊதா, பச்சை, கடுகு மஞ்சள். காதரின் பாறை குடாவின் உட்பக்கம், ஓடை வந்து விழும் இடத்தில். கலங்கல் தண்ணீர். கடல் உள்வாங்கி வற்றம் வந்தால் முழங்கால் ஆழம். வெயிலில் அந்தத் தண்ணீர் சுடும். அங்கே இருப்பது உருண்டை உருண்டையாகப் பழுப்புக் கட்டிகள். ‘சேத்துக்குட்டை’ என்று நான்தான் அதற்குப் பெயர் வைத்தேன். என் படகில் இடம் இல்லாதவர்கள்தான் அவன் படகுக்குப் போவார்கள். பதினான்கு வருஷம் அப்படித்தான் இருந்தது.

3

என் மகன் சிவா இங்கேயே பிறந்தவன். இருபத்துமூன்று வயது. என் படகை ஓட்டுகிறவன் அவன்தான். படகுக்குத் ‘தாமிரபரணி’ என்று பெயர் எழுதியிருக்கிறேன். இங்குள்ளவர்கள் வாயில் அது நுழையாமல் ‘தாமி’ என்கிறார்கள். அவனும் தாமி என்கிறான். இங்கே பேசும் கிரியோல் பாஷையில் பெரியவர், சின்னவர் எல்லோரையும் கூப்பிட ஒரே சொல்தான். அதனால் தமிழ் பேசும்போதும் அவனுக்கு எல்லோரும் ‘நீ’தான். என்னையும் ‘நீ’. கோவில் குருக்களையும் ‘நீ’. ஆரம்பத்தில் அடித்துத் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். நீ என்றாலும் பக்கத்தில் நின்று சொல்கிறானே, அது போதும் என்றிருந்தது.

இந்த வருஷம் பங்குனி வாக்கில் கடல் சூடானது. கையை விட்டால், குளிக்க விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. காற்றில்லை. என் பாறை முதலில் வெளிறியது. பிறகு ஒரேயடியாக வெளுத்தது. ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. படகில் வந்த வெள்ளைக்காரர்கள், பனி பெய்தது போல் இருக்கிறது, என்ன அழகு என்று கைதட்டினார்கள். நானும், இது அபூர்வக் காட்சி, எல்லா வருஷமும் கிடைக்காது என்று பெருமையாகச் சொன்னேன்.

கரைக்கு வந்ததும் சிவா என்னைப் பிடித்துக்கொண்டான்.

“அழகுன்னா சொல்லுதே? அது சாவுதுப்பா.”

“ஏலே, வெள்ளையா இருந்தா செத்துப்போச்சா? சங்கு வெள்ளையால்லா இருக்கு?”

“சங்கு செத்ததுதானே?” என்றான்.

பவளத்தை ஆராய எலென் என்று ஒரு அம்மாள் வந்திருந்தாள். அவள் சொன்னதையெல்லாம் சிவா எனக்கு விளக்கினான். பவளம் கல் இல்லை. கல்வீடு கட்டிக்கொண்டு இருக்கிற பூச்சிக் கூட்டம். அந்தப் பூச்சியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. நாம் பார்க்கிற நிறத்தில் பெரும்பங்கு அந்தப் பாசி கொடுப்பது. பூச்சி அதற்கு இடம் கொடுக்கிறது. பாசி வெயிலை வாங்கிச் சாப்பாடாக்கிப் பூச்சிக்குக் கொடுக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசிக்குக் கிறுக்குப் பிடித்து விஷம் மாதிரி ஒன்றைக் கக்கும். பூச்சி பயந்துபோய்ப் பாசியை வெளியே தள்ளிவிடும். பாசி போனதும் உள்ளே இருக்கிற வெள்ளைக்கல் தெரிகிறது.

“அப்ப சோறாக்கிப் போடுதவனை வீட்டுக்காரனே கழுத்தைப் புடிச்சுத் தள்ளுதான்.”

“ஆமா. இப்பம் அது பட்டினி கிடக்கு. சீக்கிரம் தண்ணி ஆறுனா, மிச்சம் இருக்க பாசி பெருகித் திரும்ப நிறம் வரும். இல்லைன்னா செத்துரும்.”

“காதரு பாறை?”

அவன் கொஞ்சம் தயங்கினான். “அது அப்படியேதான் இருக்குப்பா. லேசா வெளிறியிருக்கு, அவ்வளவுதான்.”

எனக்கு வந்த எரிச்சலை எழுத என் தமிழ் காணாது. என் பவளம் தன் பாசியைத் துரத்திவிட்டு வெள்ளைச்சீலை கட்டிக்கொண்டு நிற்கிறது. அவன் சேற்றுக்குட்டையில் வீட்டுக்காரனும் குடியிருப்பவனும் சமாதானமாக இருக்கிறார்கள். எதற்காக? எலென் சொன்ன காரணம், அந்தக் கட்டிகள் பிறந்ததிலிருந்தே சூட்டையும் கலங்கலையும் பார்த்தவை. கலங்கல் வெயிலை மறைக்கவும் செய்கிறது. அதற்குள் இருக்கும் பாசியும் சூடு தாங்குகிற வேறு ரகமாக இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. என் காதில் விழுந்தது ஒன்றுதான்: அவனுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

அதோடு முடிந்ததா? எலென் தன் வேலைக்குக் காதரின் படகைப் பேசிக்கொண்டாள். கூட முங்கி அளக்க ஆள் வேண்டும் என்று சிவாவைக் கேட்டாள்.

“மாசம் முடிஞ்சதும் காதர் படகுக்குப் போவுதேன்ப்பா. தாமியிலே காட்டுததுக்கு என்ன இருக்கு?”

என் மகன். என் படகை விட்டு அவன் படகுக்கு. அதற்கு எனக்கு மூன்று வாரம் தவணை.

4

இந்த இடத்தில் ஊர்க்கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், பிசானம் என்கிற நெல் பருவத்தில், எங்கள் நாற்றங்கால் மஞ்சளாகிப் பாழாய்ப்போனது. குத்தகை நிலம். நடாவிட்டால் அடுத்த வருஷம் நிலம் வேறு கைக்குப் போகும். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் சுப்பையாவின் நாற்றங்கால் கிளிப்பச்சையாக நின்றது. அவருக்கும் என் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் வரப்பில் நின்றார்.

“நாத்து மிச்சம் கிடக்குமாய்யா?”

சுப்பையா வெற்றிலையை மென்று துப்பிவிட்டு, “கேக்கதுக்கு இவ்வளவு நாளாச்சா வே?” என்றார். பிறகு, “எடுத்துக்கிடும்” என்றார்.

வேளாண்மை ஆபீசர் வந்து, கயிறு பிடித்து வரிசையாக நடச் சொல்லிக்கொடுத்த காலம் அது. கயிற்றின் ஒரு நுனி என் கையில் இருந்தது. அந்த நாற்றில் எங்கள் வயல் சுப்பையாவின் வயலை விட நன்றாக விளைந்தது. ஆனால் எனக்கு மனதில் நின்றது விளைச்சல் இல்லை. அப்பா வரப்பில் நின்ற நிற்பு. ஒருவனிடம் போய்க் கேட்டு நிற்கக்கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். இந்த முப்பது வருஷத்தில் நான் யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை. இதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

5

என் நாற்று பாழாய்விட்டது. பக்கத்து நாற்றங்கால் நன்றாக இருக்கிறது. செய்ய வேண்டியது என்ன என்று கால்வாய்ப் பாசனத்துக்காரன் எவனையும் கேட்டுப் பாருங்கள். காதரின் கட்டிகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து என் பாறையில் நட்டால் என் பாறை பிழைக்கும். பாறை பிழைத்தால் சிவா என் படகிலேயே இருப்பான். ஆனால் கேட்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் காதர் தலைநகர் விக்டோரியாவுக்கு ஜும்மா தொழப் போவான். எலெனும் சிவாவும் அன்றைக்கு ஊருக்குள் ஆபீசில் இருந்தார்கள். கடப்பாரை, இரண்டு சாக்கு, நங்கூரக் கயிறு. ஆற்றில் நீச்சல் படித்தவனுக்கு இந்தக் கடல் பெரிதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் மூச்சை அடக்கி, கட்டி கட்டியாக நாற்பத்தொன்று பெயர்த்தேன். சாக்கை நனைத்துப் போர்த்தி என் பாறைக்குக் கொண்டு போனேன். அங்கே நங்கூரக் கயிற்றை இரண்டு கல்லுக்கு நடுவில் இழுத்துக் கட்டி, அதை ஒட்டி ஒரு முழத்துக்கு ஒன்றாக, பள்ளம் பார்த்துப் பதித்தேன். ஒரு வரிசை முடிந்ததும் கயிற்றைத் தள்ளிக் கட்டி அடுத்த வரிசை. ஏழெட்டு வருஷமாக இவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மூக்கைப் பொத்தினாள். அவள் பத்தமடைக்காரி, சுத்தம் அதிகம்.

“என்ன நாத்தம் இது? செத்த நண்டைக் கட்டிப் புடிச்சுட்டு வந்தியளா?”

“வயல்வேலை” என்றேன்.

“கடல்லயா?”

நான் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனேன்.

6

பத்து நாள் கழித்து, ஓட்டலில் தங்கியிருந்தவர்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனோம். சிவாதான் ஓட்டினான். அந்த இடம் வந்ததும் நானே கண்ணாடிக்குள் முதலில் குனிந்தேன்.

வெள்ளை. நாற்பத்தொன்றும் வெள்ளை. காதரின் குட்டையில் பழுப்பாக இருந்த கட்டி ஒவ்வொன்றும் என் பாறையில் பல் மாதிரி வெளுத்து நின்றது. அதுவும் கோணாமல் மாணாமல் நாலு வரிசையாக.

ஒரு கிழவி கண்ணாடியில் விரலை வைத்து, இது கல்லறையா என்று கேட்டாள். சிவா எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். கரையில் ஆட்களை இறக்கிவிட்டு நேரே போய்க் காதரையும் எலெனையும் கூட்டி வந்தான்.

காதர் என் படகில் குப்புறப் படுத்து, கண்ணாடியில் முகம் பதித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு அவன் முதுகு குலுங்கியது. சிரிக்கிறான்.

“ஏலே சிவா, இது யாரு வேலைன்னு கேக்கவும் வேணுமா? கயிறு புடிச்சுல்லா நட்டிருக்காரு உங்கப்பா! அம்பாசமுத்திரத்து வயலைக் கொண்டாந்து கடலுக்குள்ள விரிச்சுட்டாருலே!”

எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எப்பம் வே எடுத்தீரு? நான் அங்கனயேதானே கிடக்கேன்?” கேட்டுவிட்டு அவனே கணக்குப் போட்டான். சிரிப்பு போய்விட்டது. “வெள்ளிக்கிழமையா?”

நான் கடலைப் பார்த்தேன்.

“நான் அங்கன உக்காந்து, கடலு ஆறணும், காத்து வரணும்னு துஆ கேட்டுக்கிட்டிருக்கேன் வே. ரெண்டு பாறைக்கும் சேத்துல்லா கேட்டேன்.”

காதர் மறுபடியும் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தான்.

“கேட்டிருந்தா சாக்கு சாக்கா நானே சுமந்துட்டு வந்திருப்பேன். கேக்கத்தான் உமக்கு வாய் வராதே.”

எலென் கோபத்தில் சிவந்துபோய் மளமளவென்று பேசினாள். சிவா எனக்குச் சொன்னான்: “நிழல்ல இருந்ததைத் திடீர்னு இந்த வெயில்ல வச்சா வெளுக்காம என்ன செய்யும்னு கேக்குதா. பைய பையப் பழக்கணுமாம். நடுதது நெல்லுல்ல, உயிருன்னு சொல்லுதா.”

“நெல்லும் உயிருதான்னு சொல்லு அவகிட்ட” என்றேன். அவன் சொல்லவில்லை.

7

பவளத்தை உடைத்தால் இங்கே படகு லைசன்ஸ் போய்விடும். நடந்ததை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எலென் நின்றாள். அரசாங்க ஆபீசில் காதர்தான் முன்னால் போய் உட்கார்ந்தான். எலெனுடைய அனுமதிச் சீட்டில், ஆராய்ச்சிக்காகத் துண்டுகளை இடம் மாற்றலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைக் காட்டி, “நான்தான் அவரை எடுத்துட்டுப் போகச் சொன்னேன். வெயில்ல தாங்குதான்னு பாக்கத்தான்” என்று கிரியோலில் அடித்துச் சொன்னான். அவன் வாயில் பொய் எவ்வளவு சுத்தமாக வந்தது! எலென் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பாரத்தில் பெயர் எழுதும் இடம் வந்தது. நான் வந்து இறங்கிய வருஷம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து சங்கரலிங்கம் என்ற நான் இந்தத் தேசத்தில் மிஸ்டர் ஆறுமுகம். ஒரு நாளும் கால்வாய்க் கரையைத் தாண்டாத என் அப்பாதான் இங்கே ஒவ்வொரு வருஷமும் விசா புதுப்பிக்கிறார். இப்போதும் அப்படியே எழுதினார்கள்: கொடுத்தவர் காதர், நட்டவர் ஆறுமுகம். வரப்பில் போய்க் கேட்டு வாங்கி நட்ட மனிதரின் பெயரிலேயே என் களவும் பதிவாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பாறை அவனுக்கு, என் மகன் அவனுக்கு, இப்போது பெரிய மனசும் அவனுக்கே. ஒரு மனிதனுக்கு எத்தனைதான் கொடுப்பது?

மாதம் முடிந்ததும் சிவா சொன்னபடி காதர் படகுக்குப் போய்விட்டான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பார்த்திருந்தேன்.

8

ஆனி பிறந்து தென்கிழக்குக் காற்று வீசியதும் கடல் ஆறியது. என் மான்கொம்புப் பவளம் தப்பவில்லை. அதன் மேல் அழுக்குப் பாசி படர்ந்து, தொட்டால் ஒடிகிறது. நான் நட்ட கட்டிகளில் இருபத்தாறு செத்தன. பதினைந்து மட்டும் சாகாமலும் நிறம் வராமலும் கிடந்தன.

அந்தப் பதினைந்தும் பிழைக்குமா என்று பார்த்தே தீர வேண்டும் என்று எலெனுக்கு இப்போது ஆசை வந்துவிட்டது. திருடி நட்டதாக இருந்தால் என்ன, இடம் மாறிய பவளம் என்ன செய்கிறது என்பது தெரியுமல்லவா? அதனால் புதன்கிழமை தோறும் சிவா என் படகுக்கு வருகிறான். முங்கி அளந்து, பலகையில் குறிக்கிறான். ஒவ்வொரு கட்டிக்கும் பிளாஸ்டிக் சீட்டுக் கட்டியிருக்கிறான். கே-1, கே-2 என்று எழுத்து.

“கே-ன்னா என்னலே?”

“காதர்.”

“என் பாறைலே, நான் நட்டதுக்கு, அவன் பேரா?”

“எங்கேருந்து வந்துச்சோ அந்தப் பேருதான்ப்பா போடணும். உன்னையும் முப்பது வருஷமா இந்தியாக்காரன்னுதானே சொல்லுதாங்க?”

எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனேன். அந்தச் சீட்டுகளைப் பிய்த்து எறிவது என்ற முடிவோடுதான் முங்கினேன். முதலில் கையில் அகப்பட்டது கே-9. கயிறு தளர்ந்து, நீரோட்டத்தில் சீட்டு ஆடி ஆடிக் கட்டியின் மேல் உரசிக்கொண்டிருந்தது. பிடித்து இழுக்கக் கையை வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். கட்டியின் அடியோரத்தில், நிழல் விழும் பக்கம், வெல்லம் கரைத்த மாதிரி ஒரு பழுப்பு. விரல் அகலம்கூட இல்லை. பாசி திரும்பி வந்திருக்கிறது.

மூச்சு முட்டும்வரை பார்த்தேன். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கினேன். சீட்டை உரசாதபடி விலக்கி, கயிற்றை இறுக்கி, நாற்றுமுடி கட்டுகிற கட்டாகக் கட்டிவிட்டு வந்தேன்.

படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தபோது காதரின் படகு அந்தப் பக்கமாக வந்தது.

“என்ன வே அண்ணாச்சி, இங்கேயும் களவா?”

“உம்ம பேரு அவுந்து கிடந்துச்சு. கட்டிவிட்டுட்டு வாரேன்.”

அவன் எஞ்சினை நிறுத்தினான். “உசுரு இருக்கா?”

“உம்ம குட்டையிலே இருக்கதைவிட நல்லாருக்கு வே” என்றேன்.

பொய்தான். ஒரு விரல்கூட இல்லாத பழுப்பு. ஆனால் காதர் சிரிக்கவில்லை. தன் படகின் விளிம்பில் வயிற்றை வைத்து எட்டி, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, என் தண்ணீருக்குள் உற்று உற்றுப் பார்த்தான். “நெசமாவா?” என்றான். அவன் முகத்தில் அது ஒரு நொடி வந்து போனது. எனக்கு அது நன்றாகத் தெரியும். வாழ்க்கை முழுக்கக் கண்ணாடியில் பார்த்த என் முகம்தானே.

இருபது வருஷம் காத்திருந்ததற்கு அந்த ஒரு நொடி போதும். “ஏறி வாரும், காட்டுதேன்” என்று அவனுக்குக் கை கொடுத்தேன்.